விழாவில் செயின்சா சிற்பம்: சிற்பியைக் கூப்பிடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் என்னென்ன?

மரம் அறுக்கும் மெஷினை வைத்து ஒரு அடிமரத்தைச் சில மணி நேரத்தில் கழுகாகவோ கரடியாகவோ மாற்றிவிடும் வீடியோக்களை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். அதையே நம்ம ஊர் விழாவில் நேரில் செய்து காட்டினால் கூட்டம் கூடும்தான். ஆனால் ரெட்டியார்பாளையம் மாதிரி வீடுகளும் பள்ளிகளும் நெருக்கமாக இருக்கிற பகுதியில் இதை நடத்த என்னென்ன பார்க்கணும்?

செயின்சா சிற்பம்னா என்ன?

உளிக்குப் பதில் செயின்சா. ஸ்காட்லாந்தின் கார்பிரிட்ஜ் கிராமத்தில் இதற்கென்றே ஆண்டுதோறும் போட்டி நடக்கிறது. இதுபோன்ற விழாக்களில் அரை மணி நேர வேகப் போட்டி வைத்து, செய்த சிற்பங்களை அங்கேயே ஏலம் விடுவதும் வழக்கம். நம் பக்கத்தில் பெங்களூரு லால்பாக்கில், விழுந்த மரங்களைச் சிற்பங்களாக மாற்றி வைத்திருக்கிறார்கள்.

மரம் வெட்டுகிறவரையே கூப்பிடலாமா?

வேண்டாம். மரம் வெட்ட மெஷின் பிடிப்பது வேறு, உருவம் செதுக்குவது வேறு. செதுக்கும்போது பிளேடின் நுனியைத்தான் அதிகம் பயன்படுத்துவார்கள். சாதாரண பிளேடில் நுனியின் மேல்பகுதி மரத்தில் பட்டால், மெஷின் ஒரு நொடியில் ஆளை நோக்கித் தூக்கியடிக்கும். அதனால் சிற்பிகள் நுனி குறுகலான தனி பிளேடு வைத்திருப்பார்கள். 'உங்ககிட்ட அந்த பிளேடு இருக்கா? இதுக்கு முன்னாடி கூட்டத்துக்கு முன்னால செஞ்ச வீடியோ இருக்கா?' இந்த ரெண்டு கேள்வியை முதலில் கேளுங்கள்.

அப்படி ஒருவர் கிடைக்கவில்லையா? விழுப்புரம் தாண்டினால் கள்ளக்குறிச்சி. அங்குள்ள மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் கிடைத்தது. உளியும் கொட்டாப்புளியுமாக அவர்கள் வேலை செய்வதைக் குழந்தைகள் கிட்ட நின்றே பார்க்கலாம். ஆனால் உளி பிடிக்கும் கலைஞர் கையில் செயின்சாவைக் கொடுத்து 'இதுலயும் செஞ்சு காட்டுங்க' என்று கேட்காதீர்கள்.

மரம் எங்கே கிடைக்கும்?

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது புதுச்சேரியில் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்பது பலருக்கு நினைவிருக்கும். விழுந்து கிடக்கிற மரம்தானே என்று எடுத்து வந்துவிட முடியாது. அது யார் இடத்தில் இருக்கிறதோ, அவர்களின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அரசு இடமென்றால் சம்பந்தப்பட்ட துறையைக் கேட்கணும்.

சாலையோர மரத்தில் இன்னொரு ஆபத்து, ஆணி. விளம்பரப் பலகை அடித்த ஆணியும் சீரியல் லைட் கட்டிய கம்பியும் பட்டைக்குள் புதைந்திருக்கும். சங்கிலி அதில் பட்டால் பல் சிதறும், சங்கிலியே அறுந்தும் போகலாம். மெட்டல் டிடெக்டர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. இன்னொரு விஷயம், பச்சை மரம் செதுக்கச் சுலபம், ஆனால் காயும்போது வெடிப்பு விடும்.

கூட்டம் எவ்வளவு தூரத்தில் நிற்கணும்?

சங்கிலி வினாடிக்கு சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடும். அறுந்தால் அதன் துண்டுகள் பிளேடு நீளும் திசையில் தோட்டா போலப் பாயும். எனவே கயிறு மட்டும் கட்டினால் போதாது. உறுதியான தடுப்பு வைத்து, எல்லாப் பக்கமும் 10 மீட்டராவது காலியாக விடுங்கள். மெஷின் கையேட்டில் அதற்கு மேல் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. செல்ஃபி எடுக்க உள்ளே ஓடுகிறவர்களைத் தடுக்கத் தனியாக ஆள் போடுங்கள். உள்ளே ஒருவர் வந்தாலும் மெஷின் நிற்க வேண்டும்.

சத்தத்துக்கு அனுமதி உண்டா?

செயின்சா பக்கத்தில் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபல்தான் வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி குறைந்தது 100 மீட்டர் பகுதி அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம், அங்கே பகலில் 50 டெசிபல்தான். எனவே வீடுகளை விட்டுத் தள்ளி இருக்கும் திறந்த மைதானமாகப் பாருங்கள். காவல் நிலையத்திலும், பொது இடமென்றால் உழவர்கரை நகராட்சியிலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். பேட்டரி மெஷினில் இரைச்சல் குறைவு.

ஒப்பந்தத்தில் என்ன எழுதணும்?

* சம்பளத்தில் பயணம், தங்குமிடம், சங்கிலி, எரிபொருள் அடக்கமா?
* ஹெல்மெட், முகத்தடுப்பு, காது மூடி, செயின்சா பேன்ட், பூட்ஸ் கட்டாயம்
* பெட்ரோல் நிரப்புவது கூட்டத்தை விட்டுத் தள்ளி, மெஷின் ஆறிய பிறகு
* விபத்துக் காப்பீடு யார் பெயரில்? பார்வையாளர்களுக்கும் உண்டா?
* முதலுதவி, ஆம்புலன்ஸ் ஏற்பாடு யார் பொறுப்பு?
* மழை வந்தால் முன்பணம் என்னாகும்?
* செய்து முடித்த சிற்பம் யாருக்குச் சொந்தம்?

பேரம் பேசும்போது பலரும் சம்பளத்தைத்தான் குறைக்கப் பார்ப்பார்கள். தடுப்பு, காப்பீடு, பாதுகாப்பு ஆட்கள் இதற்கெல்லாம் பணம் ஒதுக்க முடியவில்லை என்றால், செயின்சாவை விட்டுவிட்டு உளிக் கலைஞரைக் கூப்பிடுங்கள். விழாவும் நடக்கும், பார்க்க வந்தவர்களும் பத்திரமாக வீடு போய்ச் சேருவார்கள்.