மோட்டார் சைக்கிள் டிரையல்ஸ்: விதிகளும் அமைப்பும் வளர்ந்த வரலாறு

மோட்டார் சைக்கிள் டிரையல்ஸ் என்பது வேகத்தைப் பாராமல், தரையில் கால் ஊன்றாமல் வண்டி ஓட்டும் திறனை அளக்கும் போட்டி. பாறை, ஓடை, சேறு, மரவேர், செங்குத்து மேடு என்று கரடுமுரடான நிலத்தில் ஒரு சிறு பகுதிக்கு இருபுறமும் எல்லை குறித்திருப்பார்கள். இதற்கு ‘செக்‌ஷன்’ என்று பெயர். ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஒரு கண்காணிப்பாளர் நின்று புள்ளி போடுவார். கால் ஊன்றாமல் கடந்தால் சுழியம். ஒருமுறை ஊன்றினால் 1. இருமுறை என்றால் 2. அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. வண்டி விழுந்தாலோ எல்லையை விட்டு வெளியே போனாலோ 5. நாள் முடிவில் யாருக்குப் புள்ளி குறைவோ அவரே வெற்றியாளர். இருவர் சமமாக நின்றால், சுழியங்களை அதிகம் சேர்த்தவர் முந்துவார்.

இந்த ஆட்டம் பிறந்தது பிரிட்டனில். 1901இல் தொடங்கிய மோட்டார் சைக்ளிங் கிளப் 1904இல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கும், 1908இல் லண்டனிலிருந்து லாண்ட்ஸ் எண்டுக்கும் ஓட்டங்களை நடத்தியது. அந்தக் காலத்துக் கேள்வி மிக எளியது: வண்டி ஊர் போய்ச் சேருமா, சேராதா? அறுந்துபோகும் பெல்ட்டும் மேட்டில் மூச்சு வாங்கும் எஞ்சினுமாக இருந்த நாட்களில் அதற்கு விடை தேடுவதே பெரும் போட்டியாக இருந்தது. ஸ்காட்லாந்தில் 1909இல் ஐந்து நாள் ஓட்டமாகத் தொடங்கிய ஒன்று 1911இல் ஆறு நாளாகி, ‘ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் டிரையல்’ என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. எடின்பரோ அண்ட் டிஸ்ட்ரிக்ட் மோட்டார் கிளப் அதை நடத்துகிறது. 1913இல் கார்லைலில் பன்னாட்டு ஆறு நாள் போட்டி ஒன்று தொடங்கியது. வண்டியின் உறுதியைச் சோதிக்கும் அந்தக் கிளை பின்னாளில் எண்டூரோ என்ற தனி விளையாட்டாகிவிட்டது. மேடேறும்போது ஓட்டுபவரின் காலைக் கவனிக்கும் கிளைதான் இன்றைய டிரையல்ஸ்.

இந்தப் பிரிவு நடந்த காலத்தின் மனப்போக்கை 1914இல் தொடங்கிய ‘ஸ்காட் டிரையல்’ தெளிவாகக் காட்டுகிறது. இரு வீச்சு எஞ்சின் வண்டிகளைச் செய்துவந்த ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட், தம் தொழிற்சாலை ஆட்களுக்கு ஒரு சவால் விட்டார். தொழிற்சாலையில் கிளம்பி யார்க்‌ஷயர் டேல்ஸ் மேடுகளைக் கடந்து பர்ன்சால் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். கிளம்பியவர்கள் 14 பேர். போய்ச் சேர்ந்தவர்கள் 9 பேர். அந்தப் போட்டியில் நேரமும் கணக்கு, காலும் கணக்கு. இன்றும் அப்படித்தான். முதலில் வந்து சேர்பவரின் நேரமே அளவுகோல். அவருக்குப் பின்னால் வருபவர்களுக்குத் தாமதமான ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு புள்ளி சேரும். ஆகவே பாறையில் நிதானமாகப் போவதா, ஒரு காலை ஊன்றிவிட்டுப் பறப்பதா என்று ஓட்டுபவர் அந்தக் கணத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். ரிச்மண்ட் மோட்டார் கிளப் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் இதை நடத்துகிறது. நூறாண்டு தாண்டிய ஒரு விதி இன்னும் சலிக்காமல் இருப்பதே அதன் தரத்துக்குச் சான்று.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பெண்களும் இக்களத்தில் தயங்காமல் இறங்கினார்கள். 1927இல் மார்ஜரி காட்டில், ஈடித் ஃபோலி, லூயி மெக்லீன் மூவரும் சேர்ந்த பிரிட்டிஷ் அணி பன்னாட்டு ஆறு நாள் போட்டியின் வெள்ளிக் கோப்பையை வென்றது. அதற்குப் பின் பெண்களுக்கெனத் தனி உலகப் போட்டி வர 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது இந்த விளையாட்டின் அமைப்பாளர்கள் மீது சொல்லியாக வேண்டிய குறை. ஸ்பெயினின் லாயா சான்ஸ் அதில் 13 பட்டங்கள் வென்றார். கதவு திறந்தால் ஆட்கள் வருவார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஸ்காட்டிஷ் ஆறு நாள் போட்டி 1938இல் ஃபோர்ட் வில்லியமுக்கு இடம் மாறியது. பென் நெவிஸ் மலையடிவாரமும், கின்லோக்லெவனில் நீர்க்குழாய்களை ஒட்டி மேலேறும் ‘பைப்லைன்’ என்ற கல்மேடும் அதன் புகழ்பெற்ற செக்‌ஷன்கள். 1961இல் ஏ.ஜே.எஸ். வண்டியில் வந்த கோர்டன் ஜாக்சன் ஆறு நாளும் சேர்த்து இழந்தது ஒரே ஒரு புள்ளி. கிரே மேர்ஸ் ரிட்ஜ் என்னுமிடத்தில் அவர் கால் தரையைத் தொட்ட அந்தக் கணம் புகைப்படமாகவே பதிவானது. கனத்த நான்கு வீச்சு வண்டியில் நூற்றுக்கணக்கான மைல் ஓடி, ஒரே ஒரு முறை கால் ஊன்றியிருக்கிறார்! அதைக் கண்டு எழுதிவைக்க அந்த மலையில் ஒருவர் நின்றிருந்தார் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். டிரையல்ஸின் முழு அமைப்பும் அந்த ஆளின் கண்ணை நம்பித்தான் நிற்கிறது.

நான்கே ஆண்டுகளில் கனத்த வண்டிகளின் காலம் முடிந்தது. ஏரியல் வண்டியில் வென்றுவந்த வட அயர்லாந்தின் சாமி மில்லர், பார்சிலோனாவின் பூல்டாகோ நிறுவனத்தோடு சேர்ந்து இலகுவான இரு வீச்சு ‘ஷெர்பா’வை உருவாக்கினார். 1965இல் அதிலேயே ஆறு நாள் போட்டியை வென்றார். பிரிட்டனில் செய்யப்படாத வண்டி ஒன்று அங்கே வென்றது அதுவே முதல் முறை. போட்டியும் ஐரோப்பாவுக்குப் பரவியது. 1964இல் ஹென்றி குரூட்டார்ஸ் பெயரில் தொடங்கிய கோப்பை 1968இல் ஐரோப்பிய சாம்பியன் பட்டமாகவும், 1975இல் உலகப் பட்டமாகவும் வளர்ந்தது. முதல் உலகப் பட்டம் பிரிட்டனின் மார்ட்டின் லாம்ப்கினுக்கு. அடுத்த மூன்றும் ஃபின்லாந்தின் யூர்யோ வெஸ்டரினனுக்கு. 1979இல் அமெரிக்காவின் பெர்னி ஷ்ரைபருக்கு.

விதிகளைப் பற்றிய பெரிய சண்டை இங்கேதான் தொடங்குகிறது. பழைய விதிப்படி, செக்‌ஷனுக்குள் வண்டி முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், நின்றால் 5. ஷ்ரைபர் தலைமுறை, வண்டியை ஒரு சக்கரத்தில் தூக்கித் திருப்பும் கலையைக் கொண்டுவந்தது. அடுத்து வந்த ஸ்பெயின்காரர்கள் சிறுவயதில் சைக்கிள் டிரையல்ஸில் பழகியவர்கள். நின்ற இடத்திலேயே துள்ளி, சக்கரத்தை நகர்த்தி வைத்து, குறி பார்த்து, பிறகு பாறைமேல் ஏறுவது அவர்களுக்குக் கைவந்த கலை. அப்படி வந்த ஜோர்டி தாரெஸ் 1987 முதல் 1995க்குள் ஏழு உலகப் பட்டங்கள் வென்றார். நிற்பதற்கு அனுமதி வந்ததும், ஆளுயரப் பாறைச்சுவர்களே செக்‌ஷன் ஆகின. ஒரே இடத்தில் துள்ளிக்கொண்டிருப்பதைத் தடுக்க நேர வரம்பு தேவைப்பட்டது. விழும் வண்டியைப் பிடிக்க ஓர் உதவியாளர் பாறையின் மேல் நிற்பது வழக்கமாயிற்று.

பார்ப்பதற்கு இது வியப்பூட்டியது, மறுக்க முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை எடுக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு அங்கே என்ன வேலை? உச்சியில் இருப்பவர்களுக்காக வகுத்த விதி கீழே இறங்கி வந்தபோது, சாதாரண கிளப் போட்டிகளும் கடினமாகிச் சாதாரண ஆட்கள் விலகினார்கள். பிரிட்டனின் ஆட்டோ-சைக்கிள் யூனியன் இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. நிற்கக் கூடாத முறை, நிற்கலாம் என்ற முறை, இரண்டையும் விதிப்புத்தகத்தில் வைத்து, எதன்படி நடத்துவது என்பதைக் கிளப்புகளிடமே விட்டது. பன்னாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.எம். 2013இல் உலகப் போட்டியில் நிற்கக் கூடாத முறையைக் கொண்டுவந்தது.

விவாதம் அத்தோடு ஓயவில்லை. ஓயாததற்குக் காரணம் உண்டு. ‘நிற்பது’ என்றால் என்ன? பாறை விளிம்பில் சக்கரம் அரை நொடி தயங்கினால் அது நிற்பதா? ஒரு கண்காணிப்பாளர் 5 போடுவார். அடுத்த செக்‌ஷனில் இருப்பவர் சுழியம் போடுவார். நேற்றைய உலகச் சாம்பியன் முன்னால் நிற்கும்போது கை தயங்காமல் 5 போடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். நிற்கலாம் என்ற விதியில் தீர்ப்பு எளிது. ஆனால் ஆட்டம் கடினமாகிறது. நிற்கக் கூடாது என்ற விதியில் ஆட்டம் எல்லோருக்கும் எட்டுகிறது. ஆனால் தீர்ப்பு கடினமாகிறது. என் கருத்தில் கிளப் மட்டத்துக்கு இரண்டாவதே உகந்தது. ஐயம் எழுந்தால் அதன் பலன் ஓட்டுபவருக்கே என்ற வழக்கத்தை எல்லாக் கண்காணிப்பாளர்களும் ஒரே மாதிரி கடைப்பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். உலகப் போட்டி தன் வழியில் போகட்டும். 2007 முதல் 2024 வரை டோனி பூ ஒவ்வோர் ஆண்டும் பட்டம் வென்றார். விதியை எப்படித் திருப்பினாலும் வென்றவர் அவரே.

ஆட்களைச் சேர்ப்பதில் மிகுந்த பலன் தந்தது மிக எளிய ஓர் ஏற்பாடு: ஒரே செக்‌ஷனுக்குள் பல பாதைகள். பிரிட்டிஷ் கிளப்புகளில் வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் நீலம் என்று எல்லை குறிப்பது வழக்கம். அதற்குள்ளேயே தனித்தனி நிற அம்புக்குறிகளால் தேர்ந்தவருக்கு ஒரு பாதை, நடுத்தரத்தாருக்கு ஒன்று, புதியவருக்கு ஒன்று எனப் பிரிப்பார்கள். பாறையின் உச்சி வழியே தந்தை போவார்; ஓரமாகச் சுற்றிப் பத்து வயது மகள் போவாள்; இருவருக்கும் புள்ளி போடுபவர் ஒருவரே. பழைய வண்டிகளுக்குத் தனி வகுப்பு வைத்ததும் இத்தகையதே. பூல்டாகோ வென்ற 1965ஐயே எல்லையாக வைத்து, அதற்கு முற்பட்ட வடிவ வண்டிகளுக்கான ‘பிரீ-65’ போட்டி 1984 முதல் கின்லோக்லெவனில் நடக்கிறது. விலகிப்போன மூத்தவர்கள் பலர் அதன் வழியே திரும்பி வந்தார்கள்.

அமைப்பாளர்களின் நித்தியக் கவலைகள் இரண்டு: நிலமும் கண்காணிப்பாளரும். மலையும் மேய்ச்சல் நிலமும் பிறருடையவை. பிரிட்டனில் நடைபாதைகளிலும் குதிரைப்பாதைகளிலும் போட்டி நடத்த 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி உள்ளூர் அதிகாரத்தின் அனுமதி வேண்டும். 2001இல் கால்நடைகளுக்குக் கோமாரி பரவியபோது ஸ்காட்டிஷ் ஆறு நாள் போட்டியே நடக்கவில்லை. அந்தப் போட்டிக்கு இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம் வருவதால் குலுக்கல் முறையில் தேர்கிறார்கள். சிறு கிளப்புகளிலோ ஓட்டுபவர் இருந்தும், மழையில் நாள் முழுதும் நின்று புள்ளி போட ஆள் கிடைப்பதில்லை. அதனால் சில கிளப்புகள் ஓட்டுபவர் தம்மோடு ஒரு கண்காணிப்பாளரை அழைத்துவரக் கேட்கின்றன. வேறு சில இடங்களில் ஓட்டுபவர்களே சிறு குழுக்களாகப் போய் ஒருவர் புள்ளி அட்டையில் மற்றவர் துளையிட்டுப் புள்ளி குறிக்கிறார்கள்.

நிலத்தைப் பற்றிய கவலையில் பாதி, சத்தத்தைப் பற்றியது. மின்வண்டிகள் இங்கே புதிய கதவு ஒன்றைத் திறந்திருக்கின்றன. எஃப்.ஐ.எம். 2017இல் மின்வண்டிகளுக்கான டிரையல் கோப்பையைத் தொடங்கியது. 1996இன் உலகச் சாம்பியன் மார்க் கோலோமர் அதன் முதல் வெற்றியாளர். சிறுவர்களுக்கான சிறிய மின்வண்டிகள் அதற்கு முன்பே கிளப்புகளுக்கு வந்துவிட்டன. ஊருக்கு அருகில், வீடுகள் தெரியும் தூரத்தில்கூட அவற்றைக் கொண்டு பயிற்சிக் களம் அமைக்க முடிகிறது.