வண்ணம்: ஓசையின் நிறம்

ஓசையின் ஒழுங்கைக் குறிக்கத் தமிழில் வழங்கும் பழஞ்சொற்களுள் அசை என்பது அசைதலோடும், தூக்கு என்பது நிறுத்து அளத்தலோடும், பாணி என்பது தாளமிடும் கையோடும் தொடர்புடையனவாக இருக்க, வண்ணம் ஒன்றே கண்ணுக்குப் புலனாகும் நிறத்தின் பெயராகவும் காதுக்குப் புலனாகும் ஓசையின் பெயராகவும் ஒருங்கே வழங்கி வந்திருக்கிறது. வடமொழி வர்ணம், பாலி மொழியின் வண்ண ஆகியவற்றோடு உறவுடைய இச்சொல், நிறத்திலிருந்து வகை, தன்மை என விரிந்து, ‘செய்யும் வண்ணம்’ என்னும் தொடரில் முறைமையைக் குறிக்கும் அளவுக்குப் பொதுச்சொல்லாகியும் உள்ளது. பாட்டின் ஓசைக்கு இச்சொல் ஏன் பொருந்திற்று என்பதற்கான விடை இலக்கண நூல்களின் பகுப்பிலேயே கிடைக்கிறது.

தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 செய்யுள் உறுப்புகளுள் வண்ணம் 26ஆவது. அது 20 வகைப்படும். அவற்றுள் வல்லெழுத்து மிக்கு வருவது வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிக்கு வருவது மெல்லிசை வண்ணம், இடையெழுத்து மிக்கு வருவது இயைபு வண்ணம், ஆய்தம் பயில்வது நலிபு வண்ணம். நெடுஞ்சீர் வண்ணமும் குறுஞ்சீர் வண்ணமும் எழுத்தின் அளவையும், ஒழுகு வண்ணம், அகைப்பு வண்ணம், உருட்டு வண்ணம் முதலியன ஓசை செல்லும் நடையையும் பற்றியவை. எழுத்தின் நீளத்தைக் கணக்கிடுவதோடு நில்லாமல், அவ்வெழுத்து வன்மையாய் ஒலிக்கிறதா மென்மையாய் ஒலிக்கிறதா என்பதையும் பாட்டோசையின் கூறாகக் கொண்ட இப்பகுப்புக்கு, நிறத்தைக் குறிக்கும் சொல்லைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது. இது ஏட்டளவில் நின்ற பாகுபாடும் அன்று. பதிற்றுப்பத்தின் பாடல்தோறும் துறை, தூக்கு, பெயர் ஆகியவற்றோடு வண்ணமும் குறிக்கப்பட்டிருப்பதும், அங்கே ஒழுகு வண்ணம் பெருவழக்காக இருப்பதும், பழம்பாடலைத் தொகுத்தோர் அதன் ஓசையையும் ஒரு செய்தியாகக் காத்தனர் என்பதைக் காட்டுகின்றன.

பின்வந்த யாப்பு நூலார் இப்பகுப்பை வேறு வகையில் பெருக்கினர். தூங்கிசை, ஏந்திசை, அடுக்கிசை, பிரிந்திசை, மயங்கிசை என்னும் ஐந்தை அகவல், ஒழுகிசை, வல்லிசை, மெல்லிசை என்னும் நான்கோடு உறழ்ந்து, அவ்விருபதையும் குறில், நெடில், வலி, மெலி, இடை என்னும் ஐந்தோடு மீண்டும் உறழ, வண்ணம் நூறாயிற்று. உறழ்தல் என்பது ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடு கூட்டிப் பெருக்குதல். தொல்காப்பியத்தின் இருபதும் கேட்டறிந்த ஓசைகளுக்கு இட்ட பெயர்களாகத் தோன்ற, இந்நூறோ கணக்கில் பிறந்த பெயர்களாகவே தோன்றுகின்றன.

வேதத்தின் யாப்பைக் குறிக்கும் சந்தஸ் என்னும் சொல் சந்தம் எனத் தமிழில் வழங்கலானபோது இரு மரபுகள் எதிர்ப்பட்டன. வடமொழி யாப்பு எழுத்தை இலகு, குரு என, அதாவது ஓரளவுடையது, ஈரளவுடையது என இரண்டாக மட்டுமே பிரிக்கும். அக்கணக்கில் கட்டி, தந்தி, கன்னி, வள்ளி ஆகிய நான்கும் ஒரே வாய்பாடு. தமிழ் வண்ணப் பாடலிலோ அவை முறையே தத்த, தந்த, தன்ன, தய்ய என நான்கு வேறு சந்தங்கள். இவற்றோடு தாத்த, தாந்த, தன, தான என்பனவும் சேர அடிப்படைச் சந்தம் எட்டாகும். சந்தம் என்னும் பெயர் வடக்கிலிருந்து வந்ததாயினும், வல்லொற்றையும் மெல்லொற்றையும் இடையொற்றையும் வேறுவேறாகக் கேட்கும் செவி, வல்லிசையையும் மெல்லிசையையும் இயைபையும் பிரித்த பழைய செவியே. தமிழ் யாப்பின் தனித்தன்மை இவ்விடத்தில் விளங்குவதுபோல் வேறெங்கும் விளங்குவதில்லை.

15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதரின் திருப்புகழில் இச்சந்த முறை முழு உருவம் பெற்றது. சந்தங்கள் கூடித் துள்ளல் ஆக, அத்துள்ளல் பெரும்பாலும் மும்முறை மடங்கி வந்தபின், தனதான என்பது போன்ற தொங்கல் என்னும் சிறு முடிப்பு நிற்க, அவ்வளவும் ஒரு கலை எனப்படும். எட்டுக் கலை கொண்டது ஒரு முழு வண்ணம். பாடலின் உறுப்பாக இருந்த வண்ணம் இவ்வாறு பாடலுக்கே பெயராயிற்று. இவ்வகைக்கு இலக்கணமாக வண்ணத்தியல்பை இயற்றியவர், வண்ணச்சரபம் என்னும் அடைமொழி பெற்ற தண்டபாணி சுவாமிகள் (1839–1898). கர்நாடக இசையில் தானவர்ணம், பதவர்ணம் என வழங்குவது சொல்லால் உறவுடையதாயினும் பொருளால் வேறு. அது இராகத்தின் போக்கைக் காட்டும் உருப்படி.

திருப்புகழ்ப் பதிப்புகளில் பாடலின் தலையில் தத்த, தந்த எனத் தத்தகாரமாக அச்சிடப்படும் சந்தக் குழிப்பு, அதாவது பாடலின் ஓசை வாய்பாடு, பாடுவோர்க்கு மட்டுமன்றிப் பாடம் ஆராய்வோர்க்கும் பயன்படுகிறது. ஏட்டில் இரு பாடங்கள் காணப்படும்போது, தந்த வரவேண்டிய இடத்தில் தத்த ஒலிக்கும் சொல், பொருள் எவ்வளவு நயமாக இருப்பினும், ஐயத்துக்கு உரியதாகிறது.