குருதியுறவும் குருதிக்குறையும்: சிறுநீரகக் கொடையின் வரலாற்றில் ஒரு சிக்கல்

1954ஆம் ஆண்டு டிசெம்பர் 23ஆந் திகதி பொஸ்ரன் நகரிலே டொக்டர் யோசப் மறேயும் அவர்தம் குழுவினரும் ஓர் இளைஞனின் சிறுநீரகத்தை அகற்றி அவனுடைய இரட்டைச் சகோதரனுக்குப் பொருத்தினர். இருவரும் ஒரே கருவிற் றோன்றியவர்களே என்பதை உறுதிசெய்யத் தோலொட்டுச் சோதனை நடத்தியதோடு கைரேகைகளையும் ஒப்பிட்டனர். பெற்றவன் எட்டாண்டுகள் வாழ்ந்தான். கொடுத்தவர் 2010 வரை வாழ்ந்திருந்தார். எனினும் அன்று மருத்துவரை அலைக்கழித்த வினா பெற்றவனைப் பற்றியதன்று. நோயற்ற ஒருவனைத் தன்னுடல் நலத்துக்கன்றிப் பிறன் நலத்துக்காகக் கத்திக்குள்ளாக்கலாமோ என்பதே அது. சமயத் தலைவர்களையும் சட்டவறிஞரையும் அவர்கள் கலந்தாலோசித்தமை இதனாலாகும். கொடையாளி முற்றும் நலமுடையவராயிருத்தல் வேண்டும் என்னும் விதி இவ்வினாவின் வழிப் பிறந்தது. பிறவியிலேயே குருதி எளிதில் நில்லாதார் அவ்விதியின் வாயிலுக்கு வெளியே நின்றனர்.

அவர்களுடைய வரலாறு தொடங்குவது பிறிதோரிடத்தில். பின்லாந்துக்குரிய ஓலண்ட் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்திலே பல குழந்தைகள் குருதி பெருகி மாண்டனர். அக்குடும்பத்துச் சிறுமி ஒருத்தியைப் பரிசோதித்த எரிக் வொன் வில்லிபிராண்ட் 1926இல் தம் ஆய்வை வெளியிட்டார். ஹீமோபிலியா பெரும்பாலும் ஆண்களையே தாக்குவது. இந்நோயோ இருபாலாரிடத்தும் காணப்பட்டது. ஆதலின் இது வேறொரு நோயென அவர் துணிந்தார். அச்சிறுமி தன் நான்காம் மாதவிடாயின்போது குருதிப்பெருக்கினாலேயே இறந்தாள். குறை குருதிச் சிறுதட்டுகளிலோ குழாய்ச் சுவரிலோ உளதென அவர் கருதியிருந்தார். அது குருதித் திரவவிழையத்திலுள்ள ஒரு காரணியின் குறைவே என்பதை 1950களின் இறுதியில் இங்கா மாரீ நில்சன், மார்கரேட்டா புளொம்பெக் முதலிய சுவீடன் நாட்டாய்வாளர் நிறுவினர். இன்று அக்காரணி வொன் வில்லிபிராண்டின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

திருப்பம் இத்தாலியிலிருந்து வந்தது. உடலில் நீரைத் தேக்குமாறு சிறுநீரகத்தைத் தூண்டும் ஓமோனொன்றின் செயற்கை வடிவம் டெஸ்மோபிரெசின். குழாய்ச் சுவரின் கலங்களிற் சேமிக்கப்பட்டிருக்கும் இக்காரணியையும் அது குருதிக்குள் வெளிவிடச் செய்கின்றது. இதனைப் பயன்படுத்தி மனூச்சியும் அவர்தம் தோழரும் மென்மையான குருதிப்பெருக்கு நோயாளருக்குச் சத்திரசிகிச்சை செய்யலாமென 1977இல் அறிவித்தனர். சிறுநீரகத்துக்கென ஆக்கிய மருந்தே சிறுநீரகங் கொடுக்க விரும்புவோருக்குங் கதவைத் திறக்கக் கூடியதாயிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. பிறர் குருதியிலிருந்து ஆக்கப்படாமையால், 1980களில் திரவவிழைய மருந்துகள் வழி எயிட்ஸ் வைரசு பரவியபோது இதன் பெறுமதி பன்மடங்காயிற்று.

ஆயினும் சிக்கல் முற்றாக நீங்கவில்லை. திசுப்பொருத்தத்தில் தலைசிறந்தவர் உடன்பிறந்தாரே. வொன் வில்லிபிராண்ட் நோயின் மிகப் பொதுவான வகையோ பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இரண்டிலொரு வாய்ப்பில் வருவது. ஆகவே நோயுற்ற ஒருவரின் சிறுநீரகம் பழுதுபடுமாயின், கைநீட்ட முன்வரும் அண்ணனோ தங்கையோ அக்குறையைத் தாமும் உடையவராயிருக்கலாம். ஹீமோபிலியாவிலும் இவ்வாறே. மகனுக்குக் கொடுக்க விழையும் தாய் அப்பரம்பரையலகைச் சுமப்பவளாயின், அவளது உறைதற் காரணி சராசரியாக இயல்பளவின் பாதியாகவே இருக்கும். சிலரில் அதனினுங் குறையும். இன்னுமொன்று: எவருக்கும் கொடுக்கத் தக்கதெனப் போற்றப்படும் ஓ வகைக் குருதியுடையாரிடம் வொன் வில்லிபிராண்ட் காரணி ஏனையோரினும் ஏறத்தாழ 25 சதவீதம் குறைவென 1987இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. நோய்க்கும் இயல்புக்கும் இடையிலே கோடிழுத்தல் அத்துணை எளிதன்று.

நோயின் பெயரை நோக்கி மாத்திரம் ஒருவரை விலக்குதல் 1954இல் அறிவுடைமையாயிருந்தது. அளக்கவும் ஈடுசெய்யவும் வழியறிந்த காலத்தில் அது சோம்பலென்றே எனக்குப் படுகின்றது. கடுமையான வகையினரை விலக்குவது வேறு; அவர்களுட் பலரிடம் டெஸ்மோபிரெசின் பலிப்பதுமில்லை. குறைபாடில்லாக் கொடையாளரிடத்தேகூட முதல் மூன்று திங்களுக்குள் 10,000 பேரில் ஏறத்தாழ மூவர் மரணமடைகின்றனர் என 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு கூறுகின்றது. அதன்மேல் எத்துணை ஆபத்தைச் சேர்க்கலாம் என்பதே இன்றைய வினா.

மென்மையான வகையினர் ஒருவர் முன்வருமாயின், சத்திரசிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்னரே அவருக்கு ஒருமுறை மருந்தைச் செலுத்திக் காரணி எவ்வளவு உயர்கின்றதென அளத்தல் வேண்டும். அடுத்தடுத்துக் கொடுப்பின் பயன் தேய்வதால், மாற்றாகக் காரணிச் செறிவும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். மருந்து நீரைத் தேக்குவதால் அருந்தும் நீரை மட்டுப்படுத்தாவிடிற் குருதியின் சோடியம் தாழும். ஒற்றைச் சிறுநீரகத்தோடு கண்விழிக்கும் ஒருவரைப் பொறுத்தவரை தாதி குறித்து வைக்கும் நீரின் கணக்கு குருதியின் கணக்கினும் சிறியதன்று.