மார்கழியில் எதை விடுவது?

எங்கள் அப்பாயி மார்கழி மாதம் முழுக்க நெய் தொடமாட்டாள். மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிராமம். பள்ளிக்கூடத்தில் படிக்கும் வயதில் ஒருநாள், "ஏன் அப்பாயி?" என்று கேட்டேன். "பாட்டுல அப்படித்தான்டா இருக்கு" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் திருப்பாவை 30 பாட்டும் வாயில் நிற்கும்.

அவள் சொன்னது இரண்டாம் பாசுரத்தை. ஆண்டாள் அதில் நோன்பின் விதிகளைச் சொல்கிறாள். நெய் வேண்டாம், பால் வேண்டாம். விடியலில் குளியல். கண்ணுக்கு மையும் தலைக்குப் பூவும் கிடையாது. கோள் சொல்லக் கூடாது, இல்லாதவர்க்குக் கொடுக்க வேண்டும். பனிக்காலத்தில் நாம் போர்வையைத் தேடுகிறோம். அந்தப் பெண்கள் இருப்பதையும் குறைத்துக்கொள்கிறார்கள்.

வழக்கம் ஆண்டாளுக்கும் முந்தையது. பரிபாடலின் 11-ஆம் பாட்டில், மழைக்காலம் ஓய்ந்து, உடம்பு நடுங்கும் குளிரில், முழுநிலவு கூடிய ஆதிரை நாளில், பெண்கள் வைகையில் நீராடுகிறார்கள். அவர்கள் வேண்டுவது, நிலம் வெம்பாமல் குளிர வேண்டும் என்பது. அதே ஆதிரைக்குத்தான் இன்றும் நம் வீடுகளில் களி கிண்டுகிறோம்.

ஏன் இந்த மாதம்? பக்தி ஒரு காரணம் என்றால், வயல் இன்னொன்று என்பது என் எண்ணம். எங்களுடையது ஒருபோகச் சம்பா ஊர். நட்டுக் களையெடுத்த பயிர் மார்கழியில் கதிர் வாங்கிப் பால் பிடித்து நிற்கும். அறுப்பு தையில். இடையில் தண்ணீர் பார்ப்பதைத் தவிர வேலை குறைவு. குதிரிலும் பழைய நெல் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். கையில் பணமும் இருக்காது, எனவே கல்யாணப் பேச்சும் இல்லை. சாமிக்கான மாதம் என்று ஒதுக்கிவைக்க இதைவிடத் தோதான மாதம் ஏது?

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகும். எங்களுக்கு வேலை இல்லை என்றால், எங்கள் வயலில் வேலை செய்தவர்களுக்குக் கூலி இல்லை. அந்த மாதம் கொல்லைப்புறத்தில் வந்து நெல் கடன் கேட்பார்கள். அப்பாயி மரக்காலால் அளந்து கொடுத்து, தையில் திருப்பி வாங்கிக்கொள்வாள். அவர்கள் வீட்டில் நெய்யை விடுவதற்கு நெய் இருந்ததா என்று அந்த வயதில் நான் யோசித்ததில்லை. பாட்டில் ஐயமும் பிச்சையும் வருகிறதே, கடன் வரவில்லையே என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு வேலை நிமித்தம் சென்னை. அங்கே மார்கழி என்றால் கச்சேரி. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டோடு சென்னையில் இசை மாநாடும் நடந்தது. மறு வருஷம் மியூசிக் அகாதெமி பிறந்தது. கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறை என்பதால் டிசம்பர் எல்லோருக்கும் வசதி. அப்படித்தான் ஓய்வு மாதம் ஊரிலேயே பரபரப்பான மாதமாக ஆனது. நானும் சபா சபாவாக ஓடியவன்தான், கேன்டீன் போண்டாவுக்காகவும். குறை சொல்லவில்லை. திருப்பாவை முழுவதற்கும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்திராவிட்டால், எம்.எல்.வி. குரலில் அது ரேடியோ வழியாக நம் சமையலறைக்கு வந்திருக்காது.

ரிடையர் ஆகி ஊர் திரும்பியபின், மார்கழியில் நானும் ஒன்றை விட்டுப் பார்ப்போம் என்று நினைத்தேன். நெய்யை டாக்டர் எப்போதோ நிறுத்திவிட்டார், அது கணக்கில் வராது. போன வருஷம் டிவி விவாதங்களை விட்டேன். முதல் வாரம் கை ரிமோட்டைத் தேடியது. அப்புறம் ராத்திரி எட்டு மணிக்கே வீடு அடங்கிவிட்டது. நாலரைக்குத் தானாக விழிப்பு வந்தது. வாசலில் மனைவி கோலம் போட, நான் திண்ணையில் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாயி எப்படி நெல் அளந்தாள், தலை தட்டியா, குவித்தா என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். தலை தட்டித்தான்.

27-ஆம் நாள் கூடாரவல்லி. முழங்கை வழிய நெய் வார்த்த பால்சோற்றோடு ஆண்டாள் நோன்பை முடிக்கும் பாட்டு. மனைவி அக்காரவடிசல் செய்திருந்தாள். டாக்டருக்குத் தெரியாமல் இரண்டு கரண்டி சாப்பிட்டேன்.