லாரி ஓட்டுநர் தகுதித் தேர்வில் உறக்க மூச்சுத்தடை: அமெரிக்க நடைமுறை

அமெரிக்காவில் மாநில எல்லை தாண்டிச் சரக்கு ஏற்றிச் செல்லும் கனரக வாகன ஓட்டுநர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் மருத்துவத் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும். அந்தத் தேர்வின்போது ஓட்டுநருக்கு உறக்க மூச்சுத்தடை, அதாவது ஸ்லீப் ஆப்னியா, இருக்கக்கூடுமா என்று மருத்துவர் கவனித்து, ஐயம் எழுந்தால் உறக்கப் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கமாகியிருக்கிறது. வழக்கம் என்பதற்கு மேல் இதற்குச் சட்டப் பெயர் எதுவும் இல்லை. எந்த எடைக்கு மேல், எந்த அறிகுறிக்குப் பரிசோதனை கட்டாயம் என்று சொல்லும் கூட்டாட்சி விதி இன்றுவரை எழுதப்படவில்லை. எழுத முயன்று கைவிடப்பட்ட வரலாறுதான் இருக்கிறது.

நோயும் தொழிலும்

இந்த நோயின் பொதுவான வகையில், தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மேல் மூச்சுப்பாதை குறுகிவிடுகிறது, அல்லது முழுவதும் அடைபடுகிறது. மூச்சு குறைந்தது 10 விநாடி நின்றால் அது ஒரு தடையாகக் கணக்கிடப்படும். இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை உடலை ஒரு கணம் உசுப்புகிறது. உரத்த குறட்டையோடும் திணறலோடும் மூச்சு திரும்புகிறது. இரவு முழுவதும் இப்படி நூற்றுக்கணக்கான முறை நடந்தாலும் காலையில் எழுந்தவருக்கு எதுவும் நினைவிருப்பதில்லை. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். நெடுந்தூர லாரியின் படுக்கை அறையில் பெரும்பாலும் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. மணிக்குச் சராசரியாக எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது மெலிகிறது என்பதே நோயின் அளவுகோல். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ம் அதற்கு மேலும் கடுமையானது.

அமெரிக்கப் பணிநேர விதிப்படி சரக்கு லாரி ஓட்டுநர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, 14 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். விதி ஓய்வின் மணிகளை எண்ணுகிறதே தவிர, அந்த ஓய்வு உடம்பில் ஒட்டியதா என்று பார்ப்பதில்லை. உறக்க மூச்சுத்தடை உள்ளவர் விதியைத் துளியும் மீறாமலே தூக்கக் கலக்கத்தோடு ஸ்டியரிங் பிடிக்க முடியும்.

தொழிலே நோய்க்கு வழிவகுக்கிறது. நாள் முழுவதும் உட்கார்ந்தபடி வேலை, நெடுஞ்சாலை நிறுத்தங்களில் கிடைக்கும் கொழுப்பு மிகுந்த உணவு, மாறிக்கொண்டே இருக்கும் தூக்க நேரம் எல்லாம் எடையைக் கூட்டுகின்றன. தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலத்துக்கான தேசிய நிறுவனம் 2010-ல் நெடுந்தூர ஓட்டுநர்களிடையே நடத்திய கணக்கெடுப்பில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் உடற்பருமன் உள்ளவர்கள். உழைக்கும் மக்கள் அனைவரையும் எடுத்துக்கொண்டால் இது 31 விழுக்காடு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அம்மாநிலத்தின் வணிக வாகன உரிமம் பெற்றவர்களில் 406 பேரை ஆய்வகத்தில் உறங்கவைத்துச் சோதித்தனர். 2002-ல் வெளியான அந்த ஆய்வின்படி 28 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் இந்த நோய் இருக்கிறது: லேசாக 17.6, நடுத்தரமாக 5.8, கடுமையாக 4.7 விழுக்காடு. விவாதங்களில் 28 என்ற எண்ணே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அதில் பெரும்பங்கு லேசான நோய் என்பதைச் சோதனை விதி வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் வசதிப்படி மறந்துவிடுகிறார்கள்.

தேர்வு நடக்கும் விதம்

மோட்டார் சரக்குப் போக்குவரத்தைக் கண்காணிப்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கீழ் 2000-ல் தொடங்கப்பட்ட கூட்டாட்சி மோட்டார் சரக்குப் பாதுகாப்பு நிர்வாகம். மொத்த எடைத் தகுதி 10,001 பவுண்டு, அதாவது சுமார் 4,536 கிலோ அல்லது அதற்கு மேல் உள்ள வாகனத்தை மாநிலங்களுக்கிடையே ஓட்டுபவர் இதன் மருத்துவ விதிகளுக்கு உட்பட்டவர். 2014 மே 21 முதல், தேசியப் பதிவேட்டில் பெயருள்ள தேர்வர், அதாவது தேர்வை நடத்துபவர், மட்டுமே சான்று தர முடியும். மருத்துவர்கள் மட்டுமல்லாமல் மருத்துவ உதவியாளர்கள், உயர்நிலைச் செவிலியர்கள், முதுகெலும்புச் சிகிச்சையாளர்கள் எனப் பலரும் இந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள்.

வாகனத்தைப் பாதுகாப்பாக ஓட்டுவதற்கு இடையூறாகக்கூடிய சுவாசக் கோளாறு ஓட்டுநருக்கு இருக்கக் கூடாது என்பதே இங்கே பொருந்தும் விதி. அதற்கான மருத்துவ அறிவுரைக் குறிப்பில் நாட்பட்ட ஆஸ்துமா, காசநோய் போன்றவற்றோடு உறக்க மூச்சுத்தடையும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுபற்றி அக்குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை.

தேர்வுப் படிவத்தின் முதல் பகுதியை ஓட்டுநரே நிரப்புகிறார். தூக்கக் கோளாறு, தூங்கும்போது மூச்சு நிற்பது, பகல் தூக்கம், உரத்த குறட்டை இவற்றில் ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி. இதற்குமுன் உறக்கப் பரிசோதனை செய்துகொண்டதுண்டா என்று இன்னொரு கேள்வி. ஆம் என்று எழுதினால் தற்காலிகமாகவேனும் வேலை நிற்கலாம் என்பது எழுதுபவருக்குத் தெரியும். பகல் தூக்கத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் எப்வொர்த் அளவுகோலும் இதே இடத்தில்தான் சறுக்குகிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் முர்ரே ஜான்ஸ் 1991-ல் வகுத்த இந்த வினாப்பட்டியலில் 24-க்கு 10-க்கு மேல் மதிப்பெண் வந்தால் ஐயத்துக்கு இடமுண்டு. வீட்டு மருத்துவரிடம் உண்மையைச் சொல்லும் அதே மனிதர், உரிமம் தொங்கிக்கொண்டிருக்கும் அறையில் இதில் சுழியத்தை ஒட்டிய மதிப்பெண்ணே பெறுகிறார். எனவே ஓட்டுநரின் வாய்மொழியை நம்பியிராத அளவைகள்தான் இங்கே கைகொடுக்கின்றன.

அவற்றில் முதலாவது உடல் நிறை குறியெண். உயரமும் எடையும் எல்லாப் படிவத்திலும் பதிவாவதால் இதைக் கணக்கிடத் தனிச் செலவில்லை. இரத்த அழுத்தமும் அப்படியே. மருந்துக்கு அடங்காத உயர் அழுத்தம் இந்நோயின் நெருங்கிய துணை. கழுத்துச் சுற்றளவுக்குப் படிவத்தில் தனி இடமில்லை என்றாலும், அக்கறையுள்ள தேர்வர்கள் அளவு நாடாவை எடுக்கிறார்கள். ஆண்களுக்கு 17 அங்குலமும் பெண்களுக்கு 15.5 அங்குலமும் தாண்டினால் எச்சரிக்கை. வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையின் பின்புறம் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது மற்றொரு முறை. ஆந்திராவில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய மயக்கவியல் மருத்துவர் மல்லம்பட்டி 1985-ல் வெளியிட்டு, பின்னர் விரிவாக்கப்பட்ட வகைப்பாடு இதற்கு உதவுகிறது. மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாய் செருகுவது கடினமாகுமா என்று முன்கூட்டியே அறிய அவர் வகுத்தது அது. உள்நாக்கு முழுதாகத் தெரியாத மூன்றாம், நான்காம் வகைகள் இங்கே நெரிசலான மூச்சுப்பாதையின் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றன.

எடையை மட்டும் வைத்து முடிவு செய்வதில் ஓட்டை உண்டு. சிறிய அல்லது பின்தள்ளிய தாடை உள்ளவருக்கு ஒல்லியாக இருந்தாலும் நோய் வரலாம். ஆசியர்களில் குறைந்த எடையிலேயே இந்நோய் தோன்றுவதற்கு முக எலும்பமைப்பு ஒரு காரணம். மறுபக்கம், பருமனான எல்லோருக்கும் இந்நோய் இருப்பதில்லை.

விதி எழுதும் முயற்சிகள்

அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரி, தொழில்சார் மருத்துவர்களின் கல்லூரி, தேசிய உறக்க அறக்கட்டளை ஆகியவை சேர்ந்து அமைத்த குழு 2006-ல் பரிந்துரைகளை வெளியிட்டது. பல தேர்வர்கள் அவற்றையே கைக்கொண்டனர். அரசின் ஆலோசனைக் குழுக்கள் 2012-ல் உடல் நிறை குறியெண் 35-ஐ எல்லையாக முன்மொழிந்தன. அந்த ஆண்டு ஏப்ரலில் வெளியான வரைவு வழிகாட்டுதல் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

சிறு உரிமையாளர்-ஓட்டுநர்களின் சங்கம் இதைக் கடுமையாக எதிர்த்தது. உறக்க ஆய்வகச் செலவும் சிகிச்சைக் கருவிச் செலவும் பரிசோதனை முடியும்வரை வண்டி நிற்பதால் வரும் இழப்பும் ஓட்டுநர் தலையில் விழும். வழிகாட்டுதல் என்ற பெயரில் பொதுக் கருத்துக் கேட்காமலே விதி நுழைகிறது என்பது அவர்கள் வாதம். இந்தக் குறை நாடாளுமன்றத்தின் காதில் விழுந்தது. 2013 அக்டோபரில் நிறைவேறிய சட்டம், உறக்கக் கோளாறுகளுக்கான சோதனையையோ சிகிச்சையையோ தேவையாக்க விரும்பினால் முறையான விதியாக்க நடைமுறை வழியாகவே செய்ய வேண்டும் என்று நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தியது. சோதனையை அந்தச் சட்டம் தடைசெய்யவில்லை. ஆனாலும், ஓட்டுநர்கள் நடுவே தடைசெய்துவிட்டது என்ற பேச்சு நெடுநாள் உலவியது. எடை மட்டுமே காரணமாக அனுப்ப வேண்டியதில்லை, தேர்வரின் மருத்துவ மதிப்பீடே முடிவு என்று 2015 ஜனவரியில் நிர்வாகம் தேர்வர்களுக்கு நினைவூட்டியது.

2016 மார்ச்சில் மோட்டார் சரக்கு நிர்வாகமும் ரயில்வே நிர்வாகமும் சேர்ந்து விதியாக்கத்துக்கான முன்னறிவிப்பை வெளியிட்டன. அதே ஆண்டின் பிற்பகுதியில், முன்சொன்ன ஆலோசனைக் குழுக்களில் ஒன்றான மருத்துவ மறுஆய்வு வாரியம் தன் பரிந்துரையைத் திருத்தியது. உடல் நிறை குறியெண் 40-ம் அதற்கு மேலும் உள்ளவரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். 33 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேறு மூன்று காரணிகளேனும் சேர்ந்திருக்க வேண்டும். உயர் இரத்த அழுத்தம், இரண்டாம் வகை நீரிழிவு, பக்கவாதம் அல்லது இதய நோய், உரத்த குறட்டை, மூச்சு நிற்பதைப் பிறர் கண்டது, பருத்த கழுத்து, தைராய்டுக் குறைவு, 42 வயதைத் தொட்டது, குடும்பத்தில் நோய் இருப்பது, ஆணாகவோ மாதவிடாய் நின்ற பெண்ணாகவோ இருப்பது ஆகியவை அந்தக் காரணிகளில் அடங்கும். கூர்ந்து பார்த்தால் பட்டியல் தோன்றுவதைவிடக் கண்டிப்பானது: அமெரிக்க லாரி ஓட்டுநர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள்; அவர்களில் நடுவயதினர் இரண்டு காரணிகளோடுதான் அறைக்குள் நுழைகிறார்கள்.

2017 ஆகஸ்டில் இரு நிர்வாகங்களும் விதியாக்கத்தைக் கைவிட்டன. இருக்கும் திட்டங்களே போதும் என்பது அவை சொன்ன காரணம். 2024 ஜனவரியில் வெளியான தேர்வர் கையேடும் முடிவைத் தேர்வரின் மதிப்பீட்டுக்கே விடுகிறது. விமானத் துறையில் நிலைமை வேறு: கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2015 மார்ச்சிலேயே விமானிகளுக்கான உறக்க மூச்சுத்தடை வழிகாட்டுதலை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது.

விபத்துகளின் அழுத்தம்

விதி வேண்டும் என்று விடாமல் கேட்டுவருவது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். 2000 ஜூலையில் டென்னசி மாநிலம் ஜாக்சன் அருகே ஒரு லாரி நெடுஞ்சாலைக் காவல் வாகனத்தின்மீது மோதி காவலர் ஒருவர் இறந்தார். லாரி ஓட்டுநருக்கு உறக்க மூச்சுத்தடை இருந்தது முன்பே கண்டறியப்பட்டிருந்தது. தகுதியற்றவரைக் கண்டறிந்து விலக்க மருத்துவச் சான்று முறை தவறியதே காரணம் என்று வாரியம் முடிவு செய்தது. 2009 ஜூனில் ஓக்லஹோமா மாநிலத்தின் மயாமி அருகே, நின்றுகொண்டிருந்த கார் வரிசையில் லாரி மோதி 10 பேர் இறந்தனர். தூக்கமின்மை, மாறிய பணிநேரம் ஆகியவற்றோடு லேசான உறக்க மூச்சுத்தடையும் ஓட்டுநரின் களைப்புக்குப் பங்களித்ததாக விசாரணை கூறியது. நியூயார்க்கில் 2013 டிசம்பரில் 4 பேரைப் பலிகொண்ட ரயில் விபத்திலும், 2016 செப்டம்பரில் நியூஜெர்சியின் ஹோபோகன் நிலையத்தில் நடந்த ரயில் விபத்திலும் ஓட்டுநர்களுக்குக் கண்டறியப்படாத கடுமையான நோய் இருந்தது பிறகே தெரிந்தது.

சிகிச்சை எவ்வளவு பயன் தருகிறது என்பதற்கு வலுவான சான்று ஒரு லாரி நிறுவனத்திலிருந்து கிடைத்தது. ஷ்னைடர் நேஷனல் தன் ஓட்டுநர்களுக்குச் சோதனையையும் சிகிச்சையையும் கட்டாயமாக்கியிருந்தது. 2016-ல் வெளியான ஆய்வின்படி, சிகிச்சைக்கான காற்றழுத்தக் கருவியை அறவே பயன்படுத்தாத நோயாளிகளின் கடுமையான, தவிர்க்கத்தக்க விபத்து விகிதம் ஒப்பீட்டுக் குழுவைப்போல் ஐந்து மடங்கு. கருவியைப் பயன்படுத்தியவர்களிடம் இந்த உயர்வு தென்படவில்லை.

நிறுவனங்கள் அரசு விதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் அதே ஆண்டு நீதிமன்றத்தில் உறுதியானது. உடல் நிறை குறியெண் 35-ம் அதற்கு மேலும் உள்ள ஓட்டுநர்களுக்கு உறக்கப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிய கிரீட் கேரியர் நிறுவனத்தின் நடவடிக்கை, மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை மீறவில்லை என்று எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பரிசோதனைக்குப் பின்

ஐயம் எழுந்தால் தேர்வர் முடிவை 45 நாள்வரை நிலுவையில் வைக்கலாம். அல்லது மூன்று மாதம் போன்ற குறுகிய காலச் சான்று தந்து அதற்குள் பரிசோதித்துவரச் சொல்லலாம். ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கிச் செய்யும் பரிசோதனை நம்பகமானது, செலவு மிக்கது. வீட்டிலோ லாரியிலோ அணிந்து உறங்கும் சிறு கருவி மலிவு. அதை வேறு யாராவது அணிந்துகொண்டு உறங்கிவிடக்கூடும் என்பதால், அணிந்தவர் யார் என்று உறுதிசெய்யும் பட்டை பொருத்திய கருவிகள் ஓட்டுநர்களுக்காகவே வந்துள்ளன.

முதன்மைச் சிகிச்சை, முகமூடி வழியே காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சீபேப் கருவி. சிட்னியில் காலின் சல்லிவன் 1981-ல் இதை முதன்முதலில் விவரித்தார். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைக் கருவியே பதிவு செய்கிறது. 70 விழுக்காடு இரவுகளில் குறைந்தது 4 மணி நேரம் என்பது ஏற்கப்பட்ட கீழ்வரம்பு. பல் மருத்துவர் செய்து தரும் தாடைக் கருவி சிலருக்குப் பயன்பட்டாலும், பதிவு வசதி பொதுவாக இல்லாததால் தேர்வர்கள் அதை ஏற்கத் தயங்குகிறார்கள். உடற்பருமனோடு கூடிய நடுத்தர, கடுமையான நோய்க்கு டிர்செபடைடு ஊசிமருந்து 2024 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. சிகிச்சையைச் சரியாகத் தொடர்பவருக்கு ஓர் ஆண்டுச் சான்று வழங்குவது வழக்கம். ஆண்டுதோறும் அவர் கருவியின் பதிவோடு வர வேண்டும்.

நோய் கண்டறியப்பட்டதாலேயே உரிமம் நிரந்தரமாகப் பறிபோவதில்லை. ஆனால் ஒரு தேர்வர் பரிசோதனைக்கு அனுப்பினால், அனுப்பாத இன்னொருவரைத் தேடிப்போகும் ஓட்டுநர்களும் உண்டு. பொது எல்லை எண் இல்லாதவரை இதைத் தடுப்பது கடினம். ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் பிறப்பித்த ஆணையில் அந்த எண்ணைக் குறித்துவிட்டது: மணிக்கு 15 தடைகளும் அதற்கு மேலும், அதோடு மிகுந்த பகல் தூக்கமும் இருந்தால் நோய் கட்டுக்குள் வந்ததைக் காட்டாமல் உரிமம் இல்லை, கனரக வாகன ஓட்டுநருக்கு மறுஆய்வு ஆண்டுக்கு ஒரு முறையேனும் நடந்தாக வேண்டும்.