தெருமுனைத் தொலைநோக்கிகள்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1968-இல் 'நடைபாதை வானியலாளர்கள்' என்ற அமைப்பு உருவானது. அதன் முதன்மை நிறுவனர் ஜான் டாப்சன் (1915–2014) பீஜிங்கில் பிறந்தவர், வேதியியல் படித்தவர். 1944-இல் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். அங்கே ரகசியமாகத் தொலைநோக்கிகள் செய்து அக்கம்பக்கத்தாருக்கு வானத்தைக் காட்டினார். 1967-இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. வானியலுக்கு அது லாபம்தான்.

கையில் காசில்லை. பழைய கப்பல் சன்னல்களின் தடித்த கண்ணாடியைக் கையாலேயே தேய்த்துக் குழியாடி ஆக்கினார். கான்கிரீட் தூண் வார்க்கும் அட்டைக்குழாய் தொலைநோக்கியின் உடலானது. ஒட்டுப்பலகைப் பெட்டி அதைத் தாங்கியது. விரலால் தள்ளினாலே தொலைநோக்கி மேலும் கீழும், பக்கவாட்டிலும் நகரும். விலையுயர்ந்த தாங்கிகளுக்குப் பழகிய வானியல் ஆர்வலர்கள் முதலில் இதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் பெரிய ஆடியைச் சிறு செலவில் பயன்படுத்த வழி திறந்தது இந்த எளிய பெட்டிதான்.

குழுவினர் தெருமுனைகளில் நின்று, வழிப்போக்கர்களை அழைத்து நிலவையும் சனியின் வளையங்களையும் இலவசமாகக் காட்டினர். பின்னர் தேசியப் பூங்காக்களுக்கும் தொலைநோக்கிகளைக் கொண்டுசென்றனர். டாப்சன் தம் வடிவமைப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. 'டாப்சோனியன்' என்ற பெயரில் நிறுவனங்கள் இன்றும் அதைத் தயாரித்து விற்கின்றன.