பொதுப் பிழை சொல்லும் சாட்சி: ஓஸ்லோ உலாவியும் படிவ ஸ்கிரிப்டுகளும்

உலாவிகளின் அடையாள வரி பற்றிய பேச்சு வந்தாலே மேற்கோளாக எடுக்கப்படுவது ஆரன் ஆண்டர்சன் 2008இல் எழுதிய சிறு வரலாறு. மொசைக்கில் தொடங்கிக் குரோமில் முடியும் அந்தக் கட்டுரை, ஒவ்வொரு உலாவியும் இன்னொன்றின் பெயரைப் பூண்டு வந்ததை விவிலிய நடையில் சொல்லி, எல்லாரும் எல்லாராகவும் வேடமிட்டதால் குழப்பம் பெருகியது என்று முடிக்கிறது. ஓபராவுக்கு அதில் சில வரிகளே. எந்த உலாவியாக நடிப்பது என்பதைப் பயனரே முடிவு செய்யட்டும் என்று ஓபரா ஒரு தேர்வுப்பட்டியை வைத்தது என்கிறார். அந்த வரிகளைத் திரட்டிய உழைப்பு பெரிது. இக்கட்டுரையும் அதற்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் ஓபரா பற்றிய அவர் வாசிப்பை ஏற்க முடியவில்லை. நிர்ப்பந்தத்தை அது விருப்பமாகக் காட்டுகிறது. நிர்ப்பந்தித்தவை படிவங்களை இயக்கிய ஸ்கிரிப்டுகள் என்பதும் அதில் மறைந்துபோகிறது.

நெட்ஸ்கேப், ஐஇ என இரண்டே கிளைகளோடு எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகளின் காலம் வாசகர் அறிந்ததே. உன்னால் இது முடியுமா என்று அவை கேட்கவில்லை. நீ யார் என்று கேட்டன. நார்வேயின் டெலிநோர் ஆய்வுப்பிரிவிலிருந்து 1995இல் பிரிந்த ஓபரா நிறுவனத்தின் உலாவி, அந்தக் கேள்விக்கு உண்மை சொன்ன இடங்களில் படிவத்தின் அனுப்பு பொத்தானே உயிரற்றுக் கிடக்கும். எனவே பல பதிப்புகள் வரை இயல்பு அமைப்பிலேயே அது ஐஇ என்று சொல்லிக்கொண்டது. ஆனால் அந்த வரியின் வாலில் 'ஓபரா 8.0' என்பது போலத் தன் பெயரையும் பதிப்பெண்ணையும் விட்டுவைத்தது. முழு வரியையும் படிக்கும் ஸ்கிரிப்டுக்கு எதுவும் ஒளிக்கப்படவில்லை. இதை ஆண்டர்சனே எடுத்துக் காட்டுகிறார். பொருள் கொள்ளாமல் கடந்துவிடுகிறார். பின்னர் ஓபரா 9இல், தளத்துக்குத் தளம் அமைத்துக்கொள்ளும் வசதியில், பெயரை அறவே மறைக்கும் தேர்வும் இருந்தது. அது என் வாதத்துக்கு எதிரான சான்றுதான். ஆயினும் 2006 ஜூனில் வந்த அந்த 9ஆம் பதிப்பு இயல்பில் தன் சொந்தப் பெயரையே முன்னால் வைத்தது. முழு மறைப்பு, முரண்டுபிடிக்கும் தளங்களுக்கான கடைசி வழியாகவே இருந்தது.

ஐஇ என்று சொன்னால் ஐஇயின் கிளை கிடைக்கும். கிடைத்த கிளையை ஓட்டியும் காட்ட வேண்டும். இங்கேதான் நான் முதன்மையாகக் கொள்ளும் சான்று வருகிறது. ஜேக்வெரி 1.x வரிசையின் மூலநிரலில், உறுப்புகளைத் தேடும் பகுதியில், ஒரு சிறு குறிப்பு உண்டு. ஐடி கொடுத்துத் தேடினால் நேம் பொருந்தும் உறுப்பை ஐஇயும் ஓபராவும் தந்துவிடும் நிலையைக் கையாளவே அடுத்த வரி என்று அது சொல்கிறது. படிவங்களில் இதன் விளைவு கொடியது. பக்கத்தின் தலைப்பகுதியில் 'டிஸ்கிரிப்ஷன்' என்ற நேம் கொண்ட மெட்டா குறி இருக்கும். கீழே அதே சொல்லை ஐடியாகக் கொண்ட உரைப்பெட்டி இருக்கும். ஐஇயில் ஸ்கிரிப்டின் கைக்கு வருவது மெட்டா குறி. பயனர் பெட்டியை நிரப்பியிருந்தும் அது காலி என்றே சரிபார்ப்பு சொல்லும். அதே பக்கம் ஃபயர்ஃபாக்ஸில் பிசகின்றி ஓடும். பிழை தேடுகிறவர் சரிபார்ப்பு நிரலையே திரும்பத் திரும்பப் படிப்பார். பிழையோ அங்கே இராது.

ஐடியைக் கொண்டே தேட வேண்டும் என்று 1998இன் டிஓஎம் முதல் நிலையே விதித்துவிட்டது. ஓபராவின் எந்திரம் ஓஸ்லோவில் தனியாக எழுதப்பட்டது. ஐஇயின் நிரல் அவர்களிடம் கிடையாது. அப்படியிருக்க இரண்டும் ஒரே இடத்தில், ஒரே விதமாகத் தவறுகின்றன. சரியான பாடம் இரண்டு ஏடுகளில் ஒத்திருந்தால் அது எதையும் நிறுவாது. பிழை ஒத்திருந்தால் உறவு உண்டு என்பது சுவடி பதிப்போர் நன்கறிந்த விதி. இந்தப் பிழை தற்செயலன்று, ஐஇக்காக எழுதப்பட்ட பக்கங்கள் ஓட வேண்டுமென்று தெரிந்தே பின்பற்றப்பட்டது என்றே கொள்கிறேன். அந்தக் குறிப்பில் காரணமும் இல்லை, பதிப்பெண்ணும் இல்லை. ஆகவே ஓபரா எப்போது இதைக் கைக்கொண்டது என்று அதை வைத்துக் காலம் கணிக்க இயலாது. ஆனால் ஐஇயின் அட்டாச்ஈவென்ட், தரநிலையின் ஆட்ஈவென்ட்லிசனர் இரண்டையும் ஓபரா ஒருசேர ஏற்றதும் இதே திசையைத்தான் காட்டுகிறது. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வேடதாரி இவ்வளவு சுமையைத் தோளில் ஏற்றமாட்டான்.

மாற்று வழிகளும் முயலப்பட்டன. தளங்களின் ஸ்கிரிப்டுகளை உலாவியிலேயே திருத்தும் பிரௌசர்.ஜேஎஸ் கோப்பு ஒன்று. படிவங்கள் எல்லா உலாவியிலும் ஒரே மாதிரி நடக்க வேண்டுமென்று, அப்போது ஓபராவில் இருந்த இயன் ஹிக்சன் தொகுத்த வெப் ஃபார்ம்ஸ் 2.0 வரைவு மற்றொன்று. 2004 ஜூனில் அமைந்த வாட்டபிள்யூஜியின் தொடக்க வேலைகளில் அதுவும் அடங்கும். பின்பு எச்டிஎம்எல்5இல் கலந்தது.

ஆண்டர்சன் பார்த்திருக்க முடியாத சான்று 2009இல் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று வெளியான ஓபரா 10 தன் வரியை 'ஓபரா/9.80' என்று தொடங்கி, 'வெர்ஷன்/10.00' என்று முடித்தது. பதிப்பெண்ணில் ஓர் இலக்கத்தை மட்டும் படித்த ஸ்கிரிப்டுகள் பத்தை ஒன்றாக எடுத்துக்கொண்டு, இது மிகப் பழைய உலாவி என்று கதவடைத்தன. இங்கே பூண்டுகொள்ள வேறு எவர் பெயரும் இல்லை. தன் பெயரிலேயே, தன் வயதைக் குறைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. வேடம் என்ற விளக்கம் இந்த வரியின் முன் நிற்காது.

2013 பிப்ரவரியில் ஓபரா தன் பிரெஸ்டோ எந்திரத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. அவ்வாண்டு வந்த 15ஆம் பதிப்பின் வரியில் ஓபரா என்ற முழுப்பெயர் இல்லை, 'ஓபிஆர்' மட்டுமே. முழுப்பெயரைக் கண்டால் பிரெஸ்டோவுக்கென எழுதிய பழைய கிளைக்குள் ஸ்கிரிப்டுகள் தள்ளிவிடும் என்பது காரணம். ஓபராவை நிறுவியவர்களுள் ஒருவரான யோன் ஸ்டீபன்சன் ஃபான் டெட்ஷ்னர், அதே ஓஸ்லோவைத் தலைமையிடமாகக் கொண்டு பிறகு தொடங்கிய விவால்டியும், 2019 டிசம்பரில் வந்த 2.10ஆம் பதிப்பில் பெரும்பாலான தளங்களுக்குத் தன் பெயரைச் சொல்வதை நிறுத்தி, குரோம் என்றே காட்டிக்கொண்டது.